இன்று அவர் சாப்பிட்டது

ஜனவரி 9, வெள்ளி

எடை 44.2. காலை எட்டரைக்கு இரண்டு இட்லி, சீனி தொட்டு. மதியம் வேலைக்குக் கொண்டுபோன சோறு, வடித்த கோவைக்காய்ப் பொரியல். இரவு இரண்டு தோசை, சீனி. தூக்கம் பத்தரை முதல் ஐந்து வரை.

இப்படி தினமும் எழுத வேண்டும் என்பது டாக்டர் ஸ்ரீகலாவின் உத்தரவு. வடசேரியில் ஆயுர்வேத கிளினிக் வைத்திருக்கிறார். வயது முப்பத்தைந்து இருக்கும். நேற்று என் கணவரின் நாடியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, தூங்கிவிட்டார் என்றே நினைத்தேன். மருந்து எதுவும் தரவில்லை. "பத்து நாள் அண்ணாச்சி என்ன சாப்பிடுகாருன்னு ஒண்ணு விடாம எழுதிட்டு வாங்க அக்கா, பெறவு பாப்போம்" என்றார்.

எதற்காக என்று எழுதி வைக்கிறேன். இரண்டு வருடமாக என் சிறுநீரகங்கள் இரண்டும் வேலை நிறுத்தம். செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். தன்னுடையதில் ஒன்றைத் தருகிறேன் என்று இவர் ஒற்றைக்காலில் நிற்கிறார். இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மூன்றாம் தடவை என்னைக் கேட்கவே இல்லை, தானே போய் ரத்தம் கொடுத்துப் பொருத்தம் பார்த்து, காகிதத்தோடு வந்து நின்றார். எல்லாம் பொருந்தியது. எடை மட்டும் இடிக்கிறது. ஐந்தரை அடி ஆளுக்கு நாற்பத்து நான்கு கிலோ. "ஏன் மெலிஞ்சாருன்னே தெரியாத ஆளுமேல நான் கத்தி வைக்க மாட்டேம்மா. மூணு மாசத்துல அம்பத்தொண்ணு கொண்டு வாங்க, அப்புறம் பேசலாம்" என்றுவிட்டார் மதுரை டாக்டர்.

ஐம்பத்தொன்று வந்தால் ஆபரேஷன் உண்டு. வராவிட்டால் இல்லை. எனக்கென்ன, எழுதச் சொன்னார்கள், எழுதுகிறேன்.

ஜனவரி 12, திங்கள்

44.1. காலை இரண்டு இட்லி, சீனி. மதியம் சோறு, வடித்த முட்டைக்கோஸ். இரவு கஞ்சி, ஒரு முட்டையின் வெள்ளைக்கரு.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். டயாலிசிஸுக்கு இன்றும் லீவு கிடையாது. காலையில் வீட்டுக்குள்ளேயே சின்னப் பானை வைத்தேன். கருப்பட்டியும் தேங்காயும் எனக்கு ஆகாது, நாக்கில் ஒரு பொட்டு வைத்துக்கொண்டேன். அவரும் ஒரு கரண்டிதான் சாப்பிட்டார், வயிறு நிறைந்துவிட்டதாம். மீதியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தோம். 44.0.

ஜனவரி 19, திங்கள்

இன்று என் மூஞ்சியை எங்கே கொண்டு வைப்பது என்று தெரியவில்லை.

டாக்டர் ஸ்ரீகலா இந்த நோட்டை முதல் பக்கத்திலிருந்து வாசித்தார். வாசித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அக்கா, ஒங்களுக்க சாப்பாட்ட எழுதிக் கொண்டு வந்திருக்கியளே. அண்ணாச்சிக்குள்ளது எங்க?"

"இது அவியளுக்க சாப்பாடுதான் டாக்டரம்மா."

"தேங்கா இல்ல, வாழப்பழம் இல்ல. காயெல்லாம் தண்ணி வடிச்சது. உப்பு அரைக்கால் கரண்டி. முட்டையில மஞ்சக்கரு வேற இல்ல. இது டயாலிசிஸ் பத்தியம்லா?"

நான் இவரைப் பார்த்தேன். இவர் சுவரில் தொங்கிய தன்வந்திரி படத்தைப் பார்த்தார்.

பஸ் கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் சீட் தைக்கும் வேலை இவருக்கு. ரெக்சினை இழுத்துப் பிடித்து தைக்கிற கை. எனக்கு நோய் வந்த புதிதில், "எதுக்கு ரெண்டு அடுப்பு, ரெண்டு குழம்பு? ஒனக்கு வைக்கதுல எனக்கும் ரெண்டு கரண்டி போடு. மதியம் நான் கடையில ஒரு பிடி பிடிச்சிருவேன்" என்றார். நானும் நம்பினேன். கடைப் பக்கமே போகவில்லையாம். டாக்டர் கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக வெளியே வந்தது. இரண்டு வருடம், தேங்காய் இல்லாமல், நாகர்கோவிலில் பிறந்த மனுஷன்!

"ஏன் அண்ணாச்சி?"

"அவ முன்னால இருந்து தேங்காத் தொவையல் வச்சு திங்கதுக்கு எனக்கு தொண்டையில எறங்கல்ல டாக்டர்."

"வெளிய தனியா சாப்பிட்டிருக்கலாம்லா?"

"அது அதவிட மோசம். களவாண்டு திங்கது மாதிரி இருக்கும்."

அவர் எடை முன்பு ஐம்பத்தெட்டு. பதினாலு கிலோ குறைந்திருக்கிறது. இருபத்தோரு வருடம் அங்கன்வாடி டீச்சராக இருந்தவள் நான். எத்தனை பிள்ளைகளைத் தராசில் தொங்கவிட்டிருப்பேன்! நூறு கிராம் குறைந்தாலும் தாயை வரவழைத்து வாங்கு வாங்கென்று வாங்குவேன். என் வீட்டுக்குள் ஒரு ஆள் கரைந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை. சட்டை தொளதொளத்தபோது, துணி விரிந்துவிட்டது என்று கடைக்காரனோடு சண்டைக்குப் போனேன்.

டாக்டர் இருவரையும் திட்டவில்லை. அதுதான் இன்னும் உறைத்தது. எழுந்து போய் எனக்கு அளந்து அரை தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். எனக்குத் தண்ணீர் அளவோடுதான் என்கிற கணக்கு அவருக்கு ஞாபகம் இருந்திருக்கிறது.

ஜனவரி 20, செவ்வாய்

டாக்டர் சொன்ன முறையை எழுதி சமையலறையில் ஒட்டிவிட்டேன். முதல் ஒரு வாரம் எடையைப் பற்றிப் பேச்சே கூடாது. பட்டினி கிடந்த வயிற்றில் நெய்யைக் கொட்டினால் வயிற்றாலேதான் போகுமாம். முதலில் பசியை எழுப்ப வேண்டும். சாப்பாட்டுக்கு முன் சுக்கும் சீரகமும் கொதித்த வெந்நீர் இரண்டு மிடறு. எட்டு, ஒன்று, எட்டு என்று மூன்று வேளையும் மணி தப்பக்கூடாது. பசி வந்த பிறகுதான் உளுந்து, எள், பால், நெய், ஏத்தன் வாழைப்பழம் எல்லாம்.

அமுக்கரா லேகியம் கொடுத்தால் சீக்கிரம் ஏறுமே என்று நான்தான் கேட்டேன். எங்கள் தெருவில் எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள்.

"நல்ல மருந்துதான் அக்கா. ஆனா அறுத்து எடுத்து இன்னொரு ஆளுக்கு வைக்கப்போற உறுப்பு அது. அந்த நேரத்துல நான் ஒரு மருந்தும் தர மாட்டேன். அடுக்களையில இருக்கதே போதும்."

தன் கையில் இருப்பதைக் கொடுக்காமல் இருக்கவும் ஒரு படிப்பு வேண்டும். அந்தப் பிள்ளைக்கு அது இருக்கிறது.

கடைசி விதி: என் முன்னால் உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும். நான்தான் பரிமாற வேண்டும்.

ஜனவரி 24, சனி

பரிமாறினேன். அவர் தேங்காய்த் துவையலைச் சோற்றுக்கு அடியில் புதைத்தார். ரோகிணி என்று ஒரு மூன்று வயதுக்காரி என் அங்கன்வாடியில் முட்டையை இப்படித்தான் புதைப்பாள். அவளிடம் செய்ததையே செய்தேன். தட்டை என் பக்கம் இழுத்து, பிசைந்து, உருட்டி வைத்தேன்.

"இது காக்காவுக்கு, இது பூனைக்கு, இது டீச்சருக்கு. எண்ணிக்கிட்டே வாரேன், வாயத் தொறங்க."

"ஏ பிள்ள, நாப்பத்தெட்டு வயசு ஆளுட்ட..."

"எனக்கு எடை கொறஞ்ச பிள்ளையளுக்கு வயசு கணக்கு கெடையாது."

பதினொரு உருண்டை. அவர் கண் கலங்கியது, காரம் என்றார். துவையலில் நான் மிளகாயே வைக்கவில்லை.

ஜனவரி 28, புதன்

44.6. காலை ஆறரைக்கு அவரே வந்து "பசிக்குவு" என்றார். எட்டு மணிக்குத்தான் என்றேன். ஒன்றரை மணி நேரம் அடுக்களை வாசலில் நடந்தார். எனக்குப் பாட்டுக் கேட்பது போல இருந்தது.

பிப்ரவரி 3, செவ்வாய்

45.2. இன்று உளுந்தஞ்சோறு, எள்ளுத் துவையல், மேலே ஒரு கரண்டி நெய். நான்கு மணிக்கு அவித்த ஏத்தன்பழம். இரவு பால் கஞ்சி. வேலையிலிருந்து மதியம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டு, அரை மணி நேரம் படுக்கிறார். பகல் தூக்கம் மற்றவர்களுக்கு ஆகாது, மெலிந்தவர்களுக்கு மருந்து என்கிறார் டாக்டர். புதனும் சனியும் நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்க்கிறேன். விலா எலும்பைத் தடவும்போது படிக்கட்டில் ஏறி இறங்குவது போல் இருக்கிறது.

நான் இதில் எதையும் ருசி பார்க்க முடியாது. வாசனையை வைத்துத்தான் சமைக்கிறேன். உளுந்து வறுபடுகிற வாசனை வரும்போது ஜன்னல் பக்கம் போய் நின்றுகொள்கிறேன். வேறொன்றுமில்லை, புகை.

வீட்டில் எடை மிஷின் ஒன்றுதான். காலையில் இருவரும் வரிசையாக ஏறுகிறோம். எனக்கு எடை ஏறினால் உடம்பில் தண்ணீர் தங்கிவிட்டது என்று அர்த்தம், ஏறக்கூடாது. அவருக்கு ஏறியே ஆக வேண்டும். நான் இறங்கியதும் அவர் ஏறுவார். ஒரே மிஷின் முன்னால் இரண்டு விதமாகக் கும்பிடுகிறோம். சாமி குழம்பிப் போகாமல் இருக்க வேண்டும்.

பிப்ரவரி 12, வியாழன்

46.1. மாதத்துக்கு இரண்டு கிலோ போதும், அதுதான் ஒட்டும் சதை என்று டாக்டர் ஸ்ரீகலா சந்தோஷப்பட்டார்.

டயாலிசிஸில் கொஞ்சம் மயக்கம். ஒன்றுமில்லை. கண்ணைத் திறந்தபோது கட்டிலைச் சுற்றி ஐந்தாறு பேர் நின்றார்கள். இவர் என் இரண்டு பாதங்களையும் பிடித்துக்கொண்டு நின்றார். ஒர்க்‌ஷாப்பிலிருந்து செருப்பில்லாமல் ஓடி வந்திருக்கிறார். கையில் ஊசி குத்த இனி இடம் தேட வேண்டியிருக்கும் என்று நர்ஸ் சொன்னாள். வீடு வந்து கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தேன், குடிக்கவில்லை.

பிப்ரவரி 20, வெள்ளி

47.9! ஒரே வாரத்தில். அங்கன்வாடியில் செய்வது போலவே வரைபடத் தாளில் கோடு போட்டு வருகிறேன். இன்று கோடு குன்று ஏறுகிறது.

பிப்ரவரி 26, வியாழன்

49.2. கன்னம் உப்பி, ஆளே மாப்பிள்ளை போல் இருக்கிறார். பசியோ பசி. ஐந்து தோசைக்குப் பிறகும் கை காயவில்லை. தூக்கம் மட்டும் குறைவு. பக்கத்து வீட்டம்மா வந்து, "டீச்சர், ஒங்க கைப்பக்குவமே பக்குவம்" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மார்ச் 2, திங்கள்

50.3. பாயசம் வைத்தேன். அவர் குடித்தார், நான் பார்த்தேன். டாக்டர் ஊரில் இல்லை, நாளைக்கு மறுநாள் வருவார். அவர் முன்னால் இந்தத் தாளை விரித்துக் காட்ட வேண்டும்.

மார்ச் 3, செவ்வாய்

புதன்கிழமைக்குப் பதிலாக இன்று காலையே எண்ணெய் தேய்த்தேன். கெண்டைக்காலில் தேய்த்துக்கொண்டிருக்கும்போது என் கட்டைவிரல் அவர் முன்னங்கால் எலும்பில் அழுந்தியது. விரலை எடுத்தேன். குழி அப்படியே நின்றது.

அந்தக் குழியை எனக்குத் தெரியும். இரண்டு வருடமாகத் தினமும் காலையில் என் காலில் நான் தேடுவது அதைத்தான். இன்னொரு இடத்தில் அழுத்தினேன். அங்கேயும் குழி.

"இஞ்சேருங்க, என்ன திங்கிய?"

"நீ போடுகதுதான்."

"நான் போட்டது சதையாகும். இது தண்ணி. எனக்க காலுல கெடக்கது ஒங்க காலுக்கு எப்பிடி வந்துது?"

எண்ணெய்க் காலோடு எழுந்து வெளியே போனார். பிறகு வண்டிப் பெட்டிக்குள்ளிருந்து ஒரு டப்பாவை எடுத்து வந்தார். ஒர்க்‌ஷாப்பில் ஜிம்முக்குப் போகிற ஒருவன் கொடுத்ததாம். மாதம் எட்டு கிலோ நிச்சயம் என்றானாம். பொடி. பெயர் ஆங்கிலத்தில் இருந்தது, உள்ளே என்ன இருக்கிறது என்று எந்த மொழியிலும் இல்லை.

"எப்பம் தொடங்கினிய?"

"நீ மயங்கி விழுந்த அண்ணைக்கு சாயங்காலம்."

நான் கத்தினேன். வாழ்நாளில் அப்படிக் கத்தியதில்லை. ஒங்க கிட்னியும் போச்சுன்னா ரெண்டு பேரும் ஒரே வார்டுல படுத்துக் கெடப்போம், அதுக்கா இவ்வளவு பாடு, எனக்கு ஒண்ணும் வேண்டாம், ஒங்க கிட்னியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம் என்றேன். வரைபடத் தாளையும் கிழித்துப் போட்டேன். அப்புறம் டயாலிசிஸுக்கு நேரமாகிவிட்டது, கிளம்பிப் போனோம்.

மார்ச் 4, புதன்

டாக்டர் ஸ்ரீகலா டப்பாவைத் திறந்து பார்த்தார், மூடி வைத்தார். "இதுல ஸ்டீராய்டு கலந்திருக்கும்னு எனக்கு சந்தேகம். மொகத்தப் பாத்தாலே தெரியுவு. இருவது நாளுதான், பயப்படாண்டாம். ஆனா நிறுத்துகது எப்பிடின்னு நான் முடிவு பண்ணக்கூடாது" என்று அப்போதே மதுரை டாக்டருக்குப் போன் செய்தார். நடந்ததை நடந்தபடி சொன்னார். மறைக்கவில்லை, பூசி மெழுகவும் இல்லை. ரத்தப் பரிசோதனைக்கு உடனே அனுப்பினார். மூன்று மாதக் கெடு மூன்று மாதக் கெடுதான், தள்ளிப்போடுவது பற்றி இப்போது எதுவும் சொல்ல முடியாது என்றாராம் மதுரை டாக்டர்.

ரத்தம் கொடுக்கக் காத்திருந்தபோது நான் மெதுவாகச் சொன்னேன். நேற்றுக் கோபத்தில் சொன்னதுதான், ஆனால் உண்மையிலேயே சொல்கிறேன், விட்டுவிடலாம் என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்க்காமலே பேசினார். "ஒனக்கு தர்மம் பண்ணுகேன்னு நெனச்சியா வனஜா? எனக்கு ஒத்தைக்கு இருந்து சாப்பிடத் தெரியாது. இருவத்திநாலு வருசமா பழக்கம் இல்ல. நீ இல்லன்னா நான் எதுக்கு எலை போடணும்?"

அதற்குள் அவர் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். ஊசி குத்தும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஊசி என்றால் அவருக்கு அவ்வளவு பயம். இந்த ஆள்தான் ஒரு உறுப்பையே அறுத்துத் தருகிறேன் என்று நிற்கிறார்.

மார்ச் 6, வெள்ளி

சிறுநீரகம் பழுதில்லை. ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டர் ஸ்ரீகலா அழுதார். நான் அழவில்லை. நான் அவருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

மார்ச் 20, வெள்ளி

46.7. தண்ணீர் எல்லாம் வடிந்துவிட்டது. கன்னம் பழையபடி ஒட்டிவிட்டது, பார்க்க எனக்கு நிம்மதி. புதிதாகத் தாள் ஒட்டிக் கோட்டை மறுபடி தொடங்கியிருக்கிறேன். காலை உளுந்தங்கஞ்சி, கருப்பட்டி. மதியம் சோறு, சாளை மீன் குழம்பு, அவியல். நான்கு மணிக்கு இரண்டு எள்ளுருண்டை. இரவு ஏழரைக்கே பசி. ஒன்பதரைக்குத் தூக்கம்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். கெடுவுக்குள் ஐம்பத்தொன்று வராது. அவரிடம் சொல்லவில்லை. அவரும் கணக்குப் போட்டிருப்பார், என்னிடம் சொல்லவில்லை.

மார்ச் 27, வெள்ளி

47.3. இன்று ஒரு விசேஷம். சாப்பிட்டுக்கொண்டே தலையை நிமிர்த்தி, "குழம்புல உப்பு கூடிட்டு" என்றார்.

இரண்டு வருடத்தில் அவர் சொன்ன முதல் குறை இது. நான் எதை வைத்தாலும் குனிந்த தலை நிமிராமல் விழுங்குவார். கல்யாணமான புதிதில் உப்பு, புளி, காரம் எல்லாவற்றுக்கும் சண்டை போடுகிற ஆள். எனக்கு வந்த சந்தோஷத்தில் "வேணும்னா தின்னுங்க, இல்லன்னா போங்க" என்று சத்தம் போட்டேன். சிரித்துக்கொண்டே மோர் ஊற்றிச் சாப்பிட்டார்.

இப்போதெல்லாம் சாப்பிடச் சாப்பிட எனக்கு வர்ணித்துச் சொல்கிறார். துவையலில் புளி முன்னால் நிற்கிறது, எள் பின்னால் வருகிறது என்று. இந்த மனுஷனுக்கு இவ்வளவு நாக்கு இருப்பதும், இவ்வளவு பேச்சு இருப்பதும் எனக்குத் தெரியாது. முன்பெல்லாம் அவர் சாப்பிடும்போது நான் வேறு வேலை பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஏப்ரல் 4, சனி

48.0. எனக்கு டயாலிசிஸில் மறுபடி கொஞ்சம் பிரச்சினை. கழுத்தில் குழாய் போட்டிருக்கிறார்கள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "பொடி கிடி வாங்கினியன்னா கொன்னுருவேன்" என்றேன். "இல்ல, ரெண்டு உருண்டை கூடத் திங்கேன்" என்றார்.

ஏப்ரல் 17, வெள்ளி

மதுரை. ஆஸ்பத்திரி மிஷினில் 48.8.

டாக்டர் அந்த எண்ணை எழுதிவிட்டுப் பேனாவை மூடினார். ஐம்பத்தொன்று எங்கே என்று கேட்கவில்லை. "மெலிஞ்சதுக்குக் காரணம் ஏதாச்சும் தெரிஞ்சுதா?" என்று மட்டும் கேட்டார். என் பத்தியத்தை இவரும் சாப்பிட்டதுதான் என்றேன். "எல்லாரும் வந்து ஏதாச்சும் ஒண்ணு சொல்லத்தாம்மா செய்யறாங்க. நான் எதை வச்சு நம்புறது?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

பைக்குள் இந்த நோட்டு இருந்தது. சாப்பாட்டுக் கணக்கு கேட்டால் காட்டலாம் என்று கொண்டுபோயிருந்தேன். எடுத்து மேஜைமேல் வைத்தேன். வைத்த பிறகுதான் உள்ளே என்னென்ன எழுதியிருக்கிறேன் என்று ஞாபகம் வந்தது. திரும்ப எடுக்க முடியாது.

அவர் முதல் பக்கத்திலிருந்து வாசித்தார். வெளியே அத்தனை பேர் காத்திருக்கிறார்கள், பக்கம் பக்கமாக வாசிக்கிறார். ஜனவரியில் ஓரிடத்தில் சிரித்தார், காக்காவும் பூனையும் வருகிற இடமாக இருக்கும். பிப்ரவரி பன்னிரண்டில் கொஞ்ச நேரம் நின்றார். கட்டைவிரல் அழுந்திய பக்கத்தைப் படித்துவிட்டு, இவரைத் தன் பக்கத்தில் கூப்பிட்டு, முன்னங்காலில் தானே அழுத்திப் பார்த்தார். குழி விழவில்லை. புதிய ரத்த ரிப்போர்ட்டையும் எடுத்து வைத்துக்கொண்டார். எனக்கு உட்கார்ந்திருந்த நாற்காலியே முள்ளாக இருந்தது.

"அம்பத்தொண்ணுங்கிறது ஒரு கணக்குத்தாம்மா. என் பயமெல்லாம் காரணம் தெரியாத மெலிவுக்கு. உள்ள ஏதாச்சும் நோய் ஒளிஞ்சிருந்தா ரெண்டு பேரையும் சேத்துல்ல கொல்லும்? காரணம் இதுல தேதி போட்டு இருக்கு. ஏறுற ஏத்தமும் நிதானமா இருக்கு" என்றார். பிறகு இவரைப் பார்த்து, "மே மாசம் மூணாவது வாரம் வச்சுக்குவோம். அதுக்குள்ள ஒண்ணரை கிலோ ஏத்திருங்க. இந்தம்மா போடுறதை மட்டும் சாப்பிடுங்க, வேற யார் என்ன தந்தாலும் தொடாதீங்க" என்றார்.

வெளியே வந்ததும் இவர் கேட்டார். "அந்த நோட்டுல அப்பிடி என்னல்லாம் எழுதி வச்சிருக்க?"

"நீங்க தின்னதுதான்."

ஏப்ரல் 19, ஞாயிறு

டாக்டர் ஸ்ரீகலாவைப் பார்த்துச் சொன்னோம். லட்டு கொண்டுபோனோம். காசும் வாங்க மாட்டேன், காலிலும் விழாதீர்கள் என்று ஓடினார். "நான் என்ன செஞ்சேன் அக்கா, உளுந்தும் எள்ளும் ஒங்க கடையில வாங்கினது, தீ ஒங்க அடுப்புலயது" என்கிறார். ஒரு மருந்துச் சீட்டுகூட எழுதாமல் ஒரு ஆளைத் தேற்றிய வைத்தியரை நான் பார்த்ததில்லை. தப்பு நடந்த அன்று அவர் போனை எடுத்த வேகத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

மே 17, ஞாயிறு

50.4. ஆஸ்பத்திரியில் சேர்ந்தாயிற்று. அவருக்குத் தனி அறை, எனக்குத் தனி அறை. இரவுச் சாப்பாடு இட்லி. அவருக்கு நான்கு.

மே 18, திங்கள்

முதலில் அவரை அழைத்துப் போகிறார்கள். என் அறை வாசலில் ஸ்ட்ரெச்சரை ஒரு நிமிடம் நிறுத்தினார்கள். ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். "ஊசி போட்டாச்சு, வலிக்கல்ல" என்றார். நான் பயப்படுகிறேன். இதுவரை எழுதவில்லை, இப்போது எழுதுகிறேன், ரொம்பப் பயப்படுகிறேன். அவர் திரும்பி வர வேண்டும். எனக்கு அது மட்டும் போதும்.

மே 21, வியாழன்

இன்றுதான் பேனா பிடிக்க முடிந்தது. இருவரும் இருக்கிறோம். அவருடைய சிறுநீரகம் எனக்குள் வந்த அன்றே வேலையைத் தொடங்கிவிட்டது. கட்டில் ஓரம் தொங்குகிற பை நிறைய நிறைய நர்ஸ் அளந்து எழுதுகிறாள். அவள் ஒவ்வொரு தடவை எழுதும்போதும் எவ்வளவு என்று கேட்டுக்கொள்கிறேன். தண்ணீர் குடியுங்கள், இன்னும் குடியுங்கள் என்கிறார்கள்.

என்னைத் தனி அறையில் வைத்திருக்கிறார்கள், யாரும் உள்ளே வரக்கூடாது. அவர் இரண்டு மாடி கீழே. காலையில் எனக்கு இரண்டு இட்லியும், தேங்காய் அரைத்துவிட்ட சாம்பாரும் வந்தன. தேங்காய் சாப்பிடலாமா என்று மூன்று தடவை கேட்டேன், சாப்பிடலாம் என்றார்கள். ஆனால் மருந்தின் குமட்டல், வாயில் வைக்க முடியவில்லை. தட்டை ஒதுக்கிவிட்டேன்.

எட்டரை மணிக்கு அவரைக் கவனிக்கிற மதுரைக்கார நர்ஸ் வந்து வாசலில் நின்றாள்.

"அக்கா, உங்க வீட்டுக்காரரோட ஒரே ரோதனையா இருக்கு. தட்டைத் தொட மாட்டேங்குறாரு. அவ சாப்ட்டாளான்னு கேட்டுட்டு வா, அப்பறமா திங்கிறேங்குறாரு."

"சாப்பிட்டாச்சுன்னு சொல்லிருங்க."

"என்ன சாப்ட்டா, எத்தனை சாப்ட்டான்னு கேப்பாருக்கா. நேத்தும் கேட்டாரு."

"ரெண்டு இட்லி. தேங்கா சாம்பார். ருசியா இருந்துன்னு சொல்லுங்க."

அவள் என் தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், திரும்பிப் போனாள். அவள் மாடியிறங்கும் சத்தம் கேட்டது. நான் தட்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டேன். சின்னச் சின்ன வாயாகப் பிட்டு, எண்ணி எண்ணி விழுங்கினேன். அவள் கீழே போய்ச் சேர்வதற்குள் ஒரு இட்லியாவது முடிந்துவிட வேண்டும் என்று இருந்தது. இரண்டும் முடிந்தன.

கால் மணி நேரம் கழித்து அவள் மூச்சு வாங்கத் திரும்பி வந்தாள். "மூணு சாப்ட்டாருக்கா" என்றாள்.

எனக்கு இன்னும் ஒன்று கொண்டுவரச் சொன்னேன்.